ஒரு கெக், மூணு சிலிண்டர், மாட்டாத ஒரு ஜெர்மன் நட்டு

லேத்துப்பையன்:

வணக்கமுங்க. வீட்ல பீர் காச்சற ஆளுங்க இங்க நாலஞ்சு பேர் இருக்கீங்கன்னு பழைய இழைகள்ல பாத்தேன், அந்த தைரியத்துல கேக்கறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

ஊரு கோயமுத்தூர், கணபதி. அப்பாவுக்கு லேத் பட்டறை. ஆறு வருஷம் ஸ்டுட்கார்ட்ல வேலை பாத்துட்டு போன வருஷம்தான் குடும்பத்தோட கனடா, மிசிசாகா வந்து சேந்தோம். பீர் காச்சப் பழகினதே ஸ்டுட்கார்ட்லதான். அங்க 2 கிலோ சீஓடூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் ஒண்ணு, அதோட அழுத்தத்தைக் குறைச்சு விடற ஒரு நல்ல ரெகுலேட்டர், ரெண்டையும் வச்சு அஞ்சு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாம ஓட்டினேன். கிளம்பறப்ப சிலிண்டரை அங்கயே ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. ரெகுலேட்டரை மட்டும் பழைய வேட்டில சுத்திப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். ஏர்போர்ட்ல பெட்டியைத் திறந்தவன் அதை ரெண்டு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்தான். பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரி என்னைப் பாத்தா. அதை விடுங்க.

இங்க பழைய 19 லிட்டர் கார்னி கெக் (பீர் அடைக்கற எவர்சில்வர் பீப்பா) ஒண்ணு, பால் லாக் (ball lock) மாடல், சல்லிசாக் கிடைச்சுது. பேல் ஏல் காச்சி, நொதிச்சு முடிஞ்சு, கெக்ல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன். ஸ்டவுட், அதான் கருப்பு பீர், ஒண்ணு வாளியில நுரைச்சிட்டு இருக்குது. நிக்கறது கேஸ்ல மட்டுந்தான்.

கைவசம் சிலிண்டருக்குக் குறைச்சல் இல்லீங்க. 5 பவுண்டு அலுமினிய சீஓடூ சிலிண்டர் ஒண்ணு, வெல்டிங் கேஸ் விக்கற கடையில நிரப்பினது. சோடா போடற மிஷினோட வந்த சோடாஸ்ட்ரீம் குட்டி சிலிண்டர் ஒண்ணு, நீலக் கலரு, 410 கிராம். இது பத்தாதுன்னு, ஏசி வேலை பாக்கற நண்பன் ஒருத்தன் "ஸ்டவுட்டுக்கு நைட்ரஜன்தான்டா நல்லாருக்குமாம்"னு ஒரு நைட்ரஜன் சிலிண்டரை வண்டில கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டான். ஊர்ல வீட்டு கேஸ் சிலிண்டர் மாத்தற மாதிரி டக்குனு மாட்டிரலாம்னு நினைச்சேன். மூணுக்கும் வாய் மூணு விதமா இருக்குது. என் ரெகுலேட்டர் ஒண்ணுலயும் மாட்டல.

அதாவது, ஒழுங்கா மாட்டல. வெர்னியர் எடுத்து அளந்தேன் (அது இல்லாம நான் நாடு மாறறதில்ல). அலுமினிய சிலிண்டரோட வாயில இருக்கற வெளிமரை 20.9 மில்லிமீட்டர். என் ஜெர்மன் நட்டு 21.8க்கு வெட்டினது. மரை கேஜை வச்சுப் பாத்தா ரெண்டுமே இஞ்சுக்கு 14 மரை. இடைவெளி ஒண்ணேதான், விட்டத்துலதான் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம். அதனால நட்டு ஏறுது. லொடலொடன்னு ஆடிக்கிட்டே ஏறுது, ஆனா ஏறுது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த மரையில டெஃப்லான் டேப்பை எட்டு சுத்து சுத்தி, நட்டை ஏத்தி, ஸ்பானர் போட்டு இறுக்கிட்டு, வால்வைக் கால் திருகு திறந்தேன். ஒரு நொடி ஒண்ணுமில்ல. அப்பறம் உஸ்ஸுன்னு ஆரம்பிச்சுது. நட்டு ஓரமா வெள்ளைப் புகை, டேப்பு நார்நாரா வெளிய வருது. மேல இருந்து வீட்டுக்காரி "என்னங்க, குக்கர் வச்சிருக்கீங்களா?"ங்கறா. பேஸ்மெண்ட்ல எங்க இருந்து குக்கரு? மூடிட்டுப் பாத்தா நட்டு மேல பனி படிஞ்சு கிடக்குது, வாஷர் ஒரு பக்கம் பிதுங்கி நாக்கைத் துருத்தின மாதிரி நிக்குது.

இப்ப என் கேள்வி. கொஞ்சம் தடிமனா வாஷர் போட்டு, டேப்பு இன்னும் நாலு சுத்து சேத்தா நிக்குமா? இல்லீன்னா அப்பாவுக்கு அளவு அனுப்பிச்சா பித்தளையில மூணு அடாப்டர் கடைஞ்சு குடுத்துருவாரு, ஒரு ரெகுலேட்டரை வச்சே மூணு சிலிண்டரையும் மாத்தி மாத்தி ஓட்டிக்குவேன். இது சரிப்படுமா?

எல்லாத்தையும் பேஸ்மெண்ட்ல இருக்கற கோல்ட் ரூம்ல வைக்கறதா யோசனை. வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல இடம் இருக்குது, கதவும் நல்லா இறுக்கமா மூடுது.

ஓசிசோடா:

இதுக்குப் போய் இவ்ளோ பெரிய கட்டுரையா நண்பா! ஆன்லைன்ல எந்த வாயில இருந்தும் எந்த வாய்க்கும் அடாப்டர் கிடைக்குது. சீஓடூ ரெகுலேட்டரை நைட்ரஜன் சிலிண்டர்ல மாட்டறதுகூட இருக்கு, நானே பாத்திருக்கேன். வாங்கி மாட்டுங்க, முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை தாகத்துக்கு அவசரம்னா கேக்குக்கு கிரீம் அடிக்கற குட்டி சார்ஜர் போட்டுக்கங்க. எல்லாம் கேஸ்தானே.

கள்ளுக்கொட்டில்:

தம்பி லேத்து, இதை வாசிச்சு முடிக்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. உந்த ஜேர்மன் நட்டைக் கழட்டி அங்கால வையுங்கோ. வச்சிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கோ.

நான் ஸ்காபரோவில இருக்கிறன். இருபத்திரண்டு வருசம் பாருகளுக்கு பியர் லைன் பூட்டுறது, கழுவுறது, கேஸ் லீக் பிடிக்கிறது, இதுதான் வேலை. முழங்கால் ஏலாமல் போய்த்தான் விட்டனான்.

நீங்கள் அளந்த அளவு அவ்வளவும் சரி. அதுதான் எனக்குப் பயம். உங்கட நட்டு ஜேர்மனியில சீஓடூவுக்குப் பாவிக்கிற டபிள்யூ 21.8. இஞ்சத்தைச் சிலிண்டர் வாய் சிஜிஏ 320 எண்ட அளவு, அதின்ர விட்டம் 0.825 இஞ்சி, நீங்கள் சொன்ன அந்த 20.9தான். ரெண்டுக்கும் இஞ்சிக்குப் 14 மரை எண்டபடியால் ஒண்டில ஒண்டு ஏறும். ஒரேயடியா ஏறாமல் விட்டால் ஆபத்தில்லை. இது அரைகுறையா ஏறி, பூட்டுப்பட்ட மாதிரி நடிக்குது. மரையின்ர நுனிப் பல்லு மட்டும்தான் அதில கொளுவி நிக்குது.

நீங்கள் இதை லீக் பிரச்சினை எண்டு நினைக்கிறியள். டேப் சுத்தினதும் அதாலதான். உந்த வாயில கேஸை மறிக்கிறது மரை இல்லை, வாஷர். மரைக்கு இருக்கிற ஒரே வேலை வாஷரை நெரிச்சுப் பிடிக்கிறது. அதில டேப் சுத்தவே கூடாது, சரியான நட்டெண்டாலும் கூடாது. 20 பாகை வெப்பத்தில சீஓடூ சிலிண்டருக்குள்ள 57 பார் அமுக்கம் இருக்கு. வாஷர் ஒரு 16 மில்லிமீட்டர் வட்டம் எண்டு வையுங்கோ, ரெண்டு சதுர சென்ரிமீட்டர். அதில தள்ளுற பாரம் 115 கிலோ. ஒரு தடிச்ச மனுசன் உந்த நுனிப் பல்லில தொங்கிக்கொண்டு நிக்கிறான். இண்டைக்கு நிப்பான். டேப் போட்டு உஸ் எண்டுற சத்தத்தையும் நிப்பாட்டினீங்கள் எண்டால், அவன் விழப்போறது உங்களுக்குத் தெரியவே வராது. உங்கட வீட்டில குக்கர் சத்தம் கேட்டது நல்லதுக்கு.

அடாப்டர் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. அதே கேஸ், அதே அமுக்கம், கொம்பனி செய்து அமுக்கம் போட்டுச் சோதிச்ச சாமான் எண்டால் பாவிக்கலாம். 21.8 ரெகுலேட்டரை 320 சிலிண்டருக்குப் பூட்ட அப்பிடி ஒண்டு இருக்கு. நானெண்டால் அதையும் வேண்டமாட்டன், ஒரு 320 ரெகுலேட்டர் புதுசா வேண்டுவன். அடாப்டர் எண்டால் இன்னொரு வாஷர், இன்னும் ரெண்டு இஞ்சி நீட்டு, இன்னொரு லீக். அப்பாட்டைக் கடையக் குடுக்கிறதை மறந்துபோங்கோ. அவர் நல்ல வேலைகாரன் எண்டது உங்கட எழுத்திலேயே தெரியுது. ஆனால் அந்தப் பித்தளைத் துண்டை ஆர் அமுக்கம் போட்டுச் சோதிக்கிறது?

சோடாஸ்ட்ரீம் லேசு. அதின்ர மரை டிஆர் 21-4, பெரிய சரிவகப் பல்லு, 4 மில்லிமீட்டர் இடைவெளி. அதில இருந்து 320க்குப் போற அடாப்டர் ஹோம்புரூ கடையளில கிடக்கும். உள்ளுக்கை ஒரு ஊசி இருக்கும், அது போய் சிலிண்டர் வால்வை அமத்தித் திறக்கும். அடாப்டரை முதல்ல ரெகுலேட்டரில பூட்டி இறுக்கிப்போட்டு, கடைசியாத்தான் சிலிண்டரைத் திருகோணும். கடைசி அரைச் சுத்தில கொஞ்சம் சீறும், பயந்து கையை எடுக்காதையுங்கோ, டக்கெண்டு திருகி முடியுங்கோ. இப்ப வாற பிங்க் கலர்ச் சிலிண்டருக்கு மரை இல்லை, அது வேற அடாப்டர். ஒரு 19 லீற்றர் கெக்குக்கு கேஸ் ஏத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் தள்ளி முடிக்கக் கிட்டத்தட்ட 130 கிராம் போகும். 410 கிராமில மூண்டு கெக். உங்கட 5 பவுண்டில பதினைஞ்சு கெக் பயப்பிடாமல் ஓடலாம்.

நைதரசனுக்கு வாறன். ஓசிசோடா தம்பி, "எல்லாம் கேஸ்தானே" எண்டு எழுதினீங்களே, அதே வசனத்தைச் சொன்ன ஒரு பார் மனேஜர் எனக்குத் தெரியும். நைதரசன் சிலிண்டர் வாய் சிஜிஏ 580. அதை வேற மாதிரி வச்சது ஆக்களைக் கரைச்சல் படுத்த இல்லை. சீஓடூ சிலிண்டருக்குள்ள திரவமாக் கிடக்கும், அதால அமுக்கம் 830 பிஎஸ்ஐ அளவில (முதல் சொன்ன அதே 57 பார்தான்) நிக்கும். நைதரசன் வெறும் வாயு, நிரம்பின சிலிண்டரில 2000க்கு மேல. அந்த மனுசன் நெற்றில ஒரு அடாப்டர் வேண்டி சீஓடூ ரெகுலேட்டரை நைதரசனில பூட்டிப்போட்டு எனக்கு ஃபோன் எடுத்தவர், "அண்ணை, முள்ளு மற்றப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நிக்குது, இது நிரம்பியிருக்கெண்டுதானே அர்த்தம்?" எண்டு. நான் போய்ச் சேர முதல் கேஜ் கண்ணாடி சுவரில. நல்ல காலம், ஒருத்தற்ற முகமும் கிட்ட இல்லை. கிரீம் சார்ஜருக்குள்ள இருக்கிறது நைட்ரஸ் ஒக்சைட், சிரிப்பு வாயு. அதையும் கெக்கில விடாதையுங்கோ.

ஒரே ரெகுலேட்டரைச் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாத்தி ஓடுறது எண்ட நினைப்பைத் தலைகீழாப் பிரட்டுங்கோ தம்பி. உங்கட கெக் பால் லாக், அந்த வாய் எங்க போனாலும் ஒண்டுதான். ரெகுலேட்டருக்குப் பிறகு இருக்கிறது 12 பிஎஸ்ஐ. பிழை விட்டால் பியர்தான் சிந்தும். மாத்துறதை அங்க மாத்துங்கோ. ஒவ்வொரு கேஸுக்கும் அதின்ர ரெகுலேட்டர், ஒவ்வொரு ரெகுலேட்டரில இருந்தும் ஒரு குழாய், நுனியில கால் இஞ்சி ஃப்ளேர் நட்டு. கெக்கில கொளுவுற கேஸ் கனெக்டரில அந்த நட்டைக் கையால திருகலாம், அங்கையும் டேப் வேண்டாம். குழாயில கேஸைத் திரும்பி வர விடாத ஒரு செக் வால்வு கட்டாயம் இருக்கோணும், இல்லாட்டி கெக் அமுக்கம் கூடேக்கை பியர் ஏறி ரெகுலேட்டருக்குள்ள வந்து குந்தியிருக்கும். நான் கழுவின ரெகுலேட்டர்களைப் பாத்தால் நீங்கள் பியரே குடிக்கமாட்டியள்.

சொல்ல மறந்திட்டன். நிரப்புற கடையில "உள்ளுக்குக் குழாய் வச்ச சிலிண்டரோ?" எண்டு ஒருக்காக் கேளுங்கோ. தீயணைக்கிற சிலிண்டர் மாதிரி அடி வரைக்கும் குழாய் இருந்தால் திரவம்தான் மேல வரும், ரெகுலேட்டர் போச்சு. அதே காரணத்துக்காகத்தான் சிலிண்டரைப் படுக்கவச்சு ஓடக்கூடாது.

லேத்துப்பையன்:

அண்ணா, கழட்டி வச்சுட்டேன். நட்டுக்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாத்தா மரை நுனியில பிசிறு தட்டுது. அலுமினியத் தூள். சிலிண்டர் வாய்ல வால்வு பித்தளை, அதனால அலுமினியம் எப்படின்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டு வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாத்தேன், பித்தளைத் தூள்தான். ஒரு தடவை இறுக்கினதுக்கே அவ்வளவு மரை தின்னுருக்குது. பட்டறையில பொறந்து வளந்தவன் நானு, மரை ஏறினா சரின்னு எப்படி நினைச்சேன்னு வெக்கமா இருக்குதுங்க. நல்லவேளையா சிலிண்டர் வால்வு மரைக்குப் பெரிய சேதாரம் இல்ல, இருந்தாலும் கடையில குடுத்துப் பாக்கச் சொல்லிருக்கேன்.

ரெண்டு கேள்வி மிச்சம். சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு கேஜைப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா? அந்த நைட்ரஜனை அதுக்குண்டான ரெகுலேட்டர் போட்டே ஸ்டவுட்டுக்குக் குடுக்கலாமில்ல? நண்பன் தன்னோட ஏசி வேலை ரெகுலேட்டரையும் தர்றேங்கறான்.

நுரைமகள்:

அண்ணன் எல்லாம் சொல்லிட்டார், ஆனா முதல் பதிவோட கடைசி ரெண்டு வரியை யாருமே கவனிக்கலையா? கோல்ட் ரூமா? கதவு இறுக்கமா மூடுதா?

கணக்குப் போட்டுப் பாருங்க. 5 பவுண்டுன்னா 2.27 கிலோ சீஓடூ. மொத்தமும் லீக் ஆனா அறை வெப்பத்துல சுமார் 1,240 லிட்டர் கேஸ், ஒண்ணேகால் கன மீட்டர்னு வைங்க. இங்க வாசப்படிக்கு அடியில இருக்கற கோல்ட் ரூம் எவ்வளவு பெருசு இருக்கும்? ரெண்டு மீட்டருக்கு ஒண்ணரை, உயரம் 2.2ன்னா 6.6 கன மீட்டர். காத்துல கிட்டத்தட்ட 19 சதவீதம் சீஓடூ. 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்துன்னு கணக்கு வச்சிருக்காங்க. 10ஐத் தாண்டினா கொஞ்ச நேரத்துல நினைவு போயிடும். வாசனை கிடையாது, காத்தைவிட கனம், தரையோட தங்கும். நீங்க வெங்காயம் எடுக்கக் குனிவீங்க. உங்க வீட்டம்மா குனிவாங்க. குழந்தை இருந்தா அது குனியவே வேண்டாம், அதோட உயரமே அதுதான்.

அதே சிலிண்டரைத் திறந்த பேஸ்மெண்ட்ல, ஒரு 130 கன மீட்டர் இடத்துல வச்சா, மொத்தமும் லீக் ஆனாலும் 1 சதவீதம். அதனால ஃப்ரிட்ஜு பக்கத்துல வெளியிலேயே வைங்க, விழாம சங்கிலி போட்டுக் கட்டுங்க. வீட்ல ஏற்கனவே அலாரம் இருக்குன்னு சொல்வீங்க, அது கார்பன் மோனாக்சைடு அலாரம். இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. சீஓடூ அலாரம் தனியா விக்கறாங்க.

கேஜ் விஷயம்: எடையைப் போடுங்க. உள்ள திரவம் இருக்கற வரைக்கும் முள் அசையாது, திரவம் தீர்ந்த பிறகு சட்டுனு இறங்கும். பெட்ரோல் பங்க்குக்குப் போகவே நேரம் குடுக்காத பைக் மாதிரி. சிலிண்டர் தோள்பட்டையில டிடபிள்யூன்னு எழுத்து குத்தியிருக்கும், அதுதான் காலி எடை. ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சா முள் 830ல இருந்து 550க்கு இறங்கும், அது குளிரால, லீக் இல்ல.

இப்ப ஸ்டவுட். நானும் உங்க மாதிரி ஆசைப்பட்டவதான். இலங்கை லயன் ஸ்டவுட் மாதிரி கெட்டியா ஒண்ணு காச்சி, அதை கின்னஸ் மாதிரி ஊத்தணும்னு. என் வீட்டுக்காரரும் ஏசி டெக்னீசியன், அதனால சுத்த நைட்ரஜனும் அந்த வேலை ரெகுலேட்டரும் இலவசம். அந்த ரெகுலேட்டர் குழாயை பிரஷர் டெஸ்ட் பண்ணறதுக்கு உண்டானது, நூத்துக்கணக்கான பிஎஸ்ஐ குடுக்கும். கெக்கோட உச்ச அளவு 130, கெக் மேலயே குத்தியிருக்கும். நான் 30 வைக்கணும்னு குமிழை மெதுவா... மெதுவான்னுதான் நினைச்சேன்... திருப்பினேன். அழுத்தம் கூடினா திறந்துவிடற ரிலீஃப் வால்வு, கெக் மூடியில இருக்கறது, போட்ட அலறல்ல நாய் சோஃபாவுக்கு அடியில போயி சாயங்காலம் வரைக்கும் வரல. அந்த வால்வு அன்னைக்கு வேலை செஞ்சுது. பழைய கெக், அதுல வால்வு பசை பிடிச்சு ஒட்டியிருந்தா நான் இதை எழுதிட்டு இருக்க மாட்டேன். நண்பரோட ரெகுலேட்டர் வேண்டாம்.

சரி, சரியான ரெகுலேட்டர் போட்டாலும் சுத்த நைட்ரஜன் ஸ்டவுட்டுக்குச் சரிவராது. நைட்ரஜன் பீர்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் கரையும். ஏற்கனவே கரைஞ்சிருக்கற சீஓடூ மேல இருக்கற காலி இடத்துக்கு மெல்ல வெளியேறிடும். ரெண்டு வாரத்துல என் ஸ்டவுட் ஆறின காப்பி. கடைகள்ல ஓடறது கலவை, முக்கால் பங்கு நைட்ரஜன், கால் பங்கு சீஓடூ, 30 பிஎஸ்ஐ சுமாருக்கு. அதுக்கு சிஜிஏ 580 ரெகுலேட்டர், அப்புறம் ஸ்டவுட் குழாய், உள்ள சின்னச் சின்ன ஓட்டை போட்ட ஒரு தகடு. அந்தத் தகடு வழியா நெருக்கி வந்தாத்தான் அந்தக் கிரீம் நுரை. கின்னஸ்ல இதை உருவாக்கினவர் மைக்கேல் ஆஷ், கணக்குப் படிச்சவர், 1959ல வெளிவந்துது. பீர்க்காரங்களுக்கு வராத யோசனை கணக்குக்காரருக்கு வந்துருக்கு, எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம் (நானும் கணக்கு டீச்சர்).

செலவே இல்லாத வழி ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. ஸ்டவுட்டை சீஓடூலயே கம்மியா ஏத்துங்க. கிளாஸ்ல ஊத்தினதும் குழந்தைக்கு காய்ச்சல் மருந்து குடுக்கற சிரிஞ்சுல ஒரு 10 மில்லி உறிஞ்சி, அதே கிளாசுக்குள்ள வேகமாப் பீச்சுங்க. அப்படியே அலை அலையா மேல இருந்து கீழ இறங்கி, மேல கிரீம் மாதிரி நுரை கட்டும். கின்னஸ் கிடையாது. ஆனா ஆயிரம் டாலர் செலவும் கிடையாது.

ஓசிசோடா:

சரி சரி, கிரீம் சார்ஜர் யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். அந்த அடாப்டர் என் வண்டியில இருந்துச்சு. இருந்துச்சுன்னா, கூடையில. ஆர்டர் போடல.

லேத்துப்பையன்:

மூணு வாரம் ஆச்சுங்க, நடந்ததைச் சொல்லிரணும்ல.

சிலிண்டர் வால்வைக் கடைக்காரர் லென்ஸ் வச்சுப் பாத்துட்டு சரியா இருக்குன்னுட்டாரு, உள்ள குழாய் இல்லன்னும் உறுதி பண்ணியாச்சு. 320 ரெகுலேட்டர் புதுசு வாங்கினேன். நட்டு ஏறின விதத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுதுங்க. ஆட்டமே இல்லாம, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி கடைசி வரைக்கும் விரல்லயே போச்சு, அப்பறந்தான் ஸ்பானர்.

அப்பாகிட்ட ஃபோன்ல நட்டுக் கதையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்பறம் "நான் பம்புக்குக் கடையறவன்டா, பாமுக்கு இல்ல"ன்னு வச்சுட்டாரு. மறுநாள் அவரே கூப்பிட்டு, அந்த 115 கிலோ கணக்கை எழுதி அனுப்பச் சொன்னாரு. பட்டறையில பசங்களுக்குக் காட்டணுமாம்.

சோப்புத் தண்ணி அடிச்சதுல ரெகுலேட்டர் பக்கம் எல்லாம் சுத்தம். கெக்கோட கேஸ் வாய்லதான் முட்டை முட்டையா நுரை கட்டுச்சு. ரப்பர் வளையம் காஞ்சு வெடிச்சிருந்துது, முக்கால் டாலர் சாமான். அதை மாத்தினப்பறம், ஊருக்குப் போறப்ப பெட்டி எடை போடற கொக்கித் தராசு இருக்குதுங்களே, அதுல சிலிண்டரைத் தொங்கவிட்டு ராத்திரியும் காலைலயும் பாத்தேன். 5.6 கிலோ, 5.6 கிலோ. டிடபிள்யூ 7.6 பவுண்டுன்னு குத்தியிருக்குது, அதாவது 3.45 கிலோ, கழிச்சா ரெண்டு கிலோவுக்கு மேல மிச்சம். வெள்ளிக்கிழமை குக்கர்ல போனது அவ்வளவுதான்.

பேல் ஏல் 4 டிகிரில 12 பிஎஸ்ஐல பத்து நாள் கிடந்துது. நல்லா வந்துருக்குதுங்க, கொஞ்சம் கசப்பு தூக்கல். சோடாஸ்ட்ரீமுக்கு அடாப்டர் வாங்கி, போன சனிக்கிழமை பார்க்குக்குக் கெக்கையே தூக்கிட்டுப் போனோம். கடைசி அரைச் சுத்துல சீறினப்ப நான் கையை எடுக்கல. பக்கத்துல நின்ன மச்சான்தான் எடுத்து ஓடினான்.

நைட்ரஜனை நண்பன்கிட்டயே திருப்பிக் குடுத்தாச்சு. ஸ்டவுட் போன வாரம் கெக்ல ஏறிருச்சு. அக்கா சொன்ன சிரிஞ்சு வேலை செய்யுது, வீட்டுக்காரி பாத்துட்டு "பாப்பாவோட சிரிஞ்சா அது?"ன்னு கேட்டா. தனியா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், மேல மார்க்கர்ல 'அப்பா'ன்னு எழுதி. கோல்ட் ரூம்ல வெங்காயம் மட்டுந்தான்.

கள்ளுக்கொட்டில்:

தம்பி, சோடாஸ்ட்ரீமைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் பெரிய சிலிண்டரைப் பூட்டேக்கை புது வாஷர்தானே போட்டனீங்கள்?

லேத்துப்பையன்:

…இல்லீங்ணா. பழசுதான். இதோ கீழ இறங்கறேன்.